மூன்று வாக்கியங்களை ஒன்றாக்கிய காலை

இந்த மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தில் நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். தமிழில்தான் எழுதுவேன் என்றேன். உங்களில் தமிழ் வாசிக்காதவர்களுக்கு, வாசிக்கத் தெரிந்தவர்கள் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். சம்பளத்துக்குச் செய்யப் போகிற வேலைதானே, ஒரு தடவை சும்மா செய்து பார்த்தால் குறைந்து போக மாட்டீர்கள்.

முதலில் உங்கள் வீடுகளில் கேட்கிற கேள்வியை முடித்துவிடுகிறேன். "ஸ்பானிஷ் படித்து என்ன கிழிக்கப் போகிறாய்?" என்னையும் கேட்டார்கள். மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் பிறந்தவள் நான். அம்மா கொழுந்து எடுப்பவர். அப்பா ஃபாக்டரியில் இலை வாட்டுகிற இடத்தில் வேலை பார்த்தார். அந்த வீட்டுப் பெண் ஸ்பானிஷில் பட்டம் வாங்கினால் கேட்காமல் இருப்பார்களா? நியாயமான கேள்விதான். பதிலும் நியாயமானதே: இந்த மொழியை வைத்து முப்பது வருஷத்துக்கு மேல் சோறு சாப்பிட்டேன். கப்பல்காரர்களுக்குப் பேசினேன், எண்ணெய் வாங்க வந்தவர்களுக்குப் பேசினேன், நீதிமன்றத்தில் நின்று பேசினேன். யாரும் என் மேல் இரக்கப்பட்டு வேலை கொடுக்கவில்லை. அவர்களுக்கு ஆள் இல்லை, நான் இருந்தேன்.

ஆனால் பட்டம் வாங்கிய மறுநாளே நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எழுபதுகளின் நடுவில் இந்தியா போய்ப் படிக்க ஓர் உதவித்தொகை கிடைத்தது. படிவத்தில் பாடங்களின் பட்டியல் இருந்தது. எல்லாரும் டாக்டருக்கு எழுதினார்கள். யாரும் தொடாத வரி ஸ்பானிஷ்தான். ஆள் இறங்காத நிரையில்தான் கொழுந்து நிறைய நிற்கும் என்று அம்மா சொல்வார். அந்தக் கணக்கில் எழுதிவிட்டேன். டில்லியில் முதல் மூன்று மாதம் அழுதேன், நான்காவது மாதம் கனவில் ஸ்பானிஷ் வந்தது. திரும்பி வந்த பிறகு நாலு வருஷம் கம்போங் ராஜாவில் ஒரு காய்கறி வியாபாரியின் கொட்டகையில் முட்டைக்கோஸ் தரம் பிரித்தேன். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டுக் கோஸ் பிரித்தேன், ராத்திரி படுக்குமுன் ஸ்பானிஷில் வாய்விட்டு வாசித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்றார்கள்.

வாய்ப்பு வந்தது எண்பதுகளின் முதல் பாதியில். எங்கள் தோட்டத்துத் துரை, அதாவது மேனேஜர், கொழுந்து வெட்டும் மெஷின் ஒன்றை வரவழைத்தார். இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துச் செடியின் தலைக்கு மேல் நகர்த்த வேண்டும். கத்தி வெட்டும், இலை பின்னால் தொங்குகிற துணிப்பையில் விழும். அதை ஓட்டக் கற்றுக்கொடுக்க அர்ஜென்டினாவிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார். அங்கேயும் பெரிய தேயிலைத் தோட்டங்கள் உண்டு, அங்கே எல்லாம் மெஷின்தான். மனிதருக்கு ஸ்பானிஷ் தவிர ஒரு வார்த்தை தெரியாது. துரைக்கு இங்கிலீஷும் மலாயும் தெரியும், லயத்துத் தமிழ் பாதி புரியும். ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணிக்குத்தான் ஞாபகம் வந்திருக்கிறது, முட்டைக்கோஸ் கொட்டகையில் ஒரு பைத்தியம் இருக்கிறதே என்று. ஆள் அனுப்பினார்கள். ஒரு மாதத் தற்காலிக வேலை. சரியாகச் செய்தால் ஆபீசில் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகத் துரை வாயால் சொன்னார்.

வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். தேயிலை நிபுணர் தேயிலைத் தண்ணீரைத் தொடமாட்டார். ஒரு சுரைக்குடுவையில் ஏதோ பச்சை இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, இரும்புக் குழாயால் நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருப்பார். பெண்கள் அவருக்கு முதல் நாளே 'உறிஞ்சித் துரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். என்னவென்று கேட்டார். மரியாதையான பெயர் என்று சொல்லி வைத்தேன். அதுவும் பொய்தான், ஆனால் யாருக்கும் ரத்தம் வரவில்லை.

இனி நான் செய்த தவறு. இதைப் புரிந்துகொள்ள எங்கள் தோட்டத்துப் பெரட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லாரும் கூடையோடு வரிசையில் நிற்பதுதான் பெரட்டு. துரை ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இங்கிலீஷில் சொல்வார், எங்களை மேய்க்கிற கங்காணி அதைத் தமிழில் எங்களுக்குச் சொல்வார். துரை பத்து வாக்கியம் பேசுவார். கங்காணி திரும்பி, "தண்டு கலக்காம எடுக்கணுமாம், நடங்க" என்பார். முடிந்தது. வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைத் துப்பிவிடுவது கங்காணியின் சாமர்த்தியம். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். டில்லியில் ஐந்து வருஷம் எனக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் என் ஊர்ப் பெரட்டில், என் ஊர்ப் பெண்களுக்கு முன்னால் நின்றதும் எனக்குள்ளே இருந்து எழுந்து வந்தது அந்தக் கங்காணிதான்.

மெஷினைப் பெரட்டுக் களத்தில் இறக்கிய காலை. தூறல். பெண்கள் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டு நின்றார்கள். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். உறிஞ்சித் துரை மெஷினுக்கு முன்னால் குனிந்து நின்று நிதானமாக மூன்று வாக்கியம் சொன்னார். இலை சிக்கினால் எஞ்சினை நிறுத்துங்கள். எஞ்சின் நின்ற பிறகும் கத்தி இன்னொரு தடவை அடிக்கும், அதனால் பத்து வரை எண்ணுங்கள். எண்ணிய பிறகும் கையை வைக்காதீர்கள், குச்சியால் எடுங்கள்.

நான் பெண்களைப் பார்த்துச் சொன்னது இது: "எல சிக்குச்சுன்னா எஞ்சின நிறுத்திட்டுப் பாத்து எடுங்க."

எனக்குப் புரியாமல் இல்லை. மூன்றும் அட்சர சுத்தமாகப் புரிந்தது. மழை, குளிர், துரையின் கடிகாரம் என்று பிற்பாடு எனக்கு நானே ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். எல்லாம் சப்பைக்கட்டு. இவ்வளவு வேகமாகச் சொல்லி முடிக்கிறாளே என்று துரை மெச்ச வேண்டும் என்பதுதான் என் மனதில் இருந்தது. அவரும் மெச்சினார், தலையை ஆட்டினார். அன்றைக்கு முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் மெஷினின் ஒரு பக்கம் மாரியாயி அக்கா பிடித்திருந்தார். எங்கள் லயத்தில் மூன்றாவது வீடு. புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். கொழுந்து எடுப்பதில் தோட்டத்திலேயே கெட்டிக்காரி. அவர் கைக்கு இலைதான் தெரியும், கண் வேறெங்கோ இருக்கும். இலை சிக்கியது. எஞ்சினை நிறுத்தினார். நிறுத்தின கையோடு இலையை எடுக்கக் கையை விட்டார். கத்தி இன்னொரு தடவை அடித்தது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் நுனியில் போய்விட்டன. கொழுந்து எடுப்பவளுக்கு அந்த இரண்டு விரலும்தான் தொழில்.

தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குத் தோட்டத்து லோரியில் கொண்டுபோனோம். கையில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா அழவில்லை. வழி முழுக்க ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "எஞ்சின நிறுத்திட்டுத்தானே புள்ள வச்சேன். நீ சொன்ன மாதிரித்தானே வச்சேன்." என்னைக் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று அவருக்கே புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வளைவுப் பாதையில் அந்த நிமிஷம் கீழே விழுந்து செத்தால் தேவலை என்றிருந்தது.

அன்று சாயந்திரம் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "கங்காணி வேல பாக்கவா உன்ன அம்புட்டுத் தூரம் அனுப்புனேன்?"

இரண்டு நாள் கழித்து ஆபீசில் விசாரணை. துரை, பெரிய கிராணி, உறிஞ்சித் துரை, நான். அறிக்கையைக் கிராணி ஏற்கெனவே பாதி டைப் அடித்து வைத்திருந்தார். எச்சரிக்கை செய்தும் தொழிலாளி கவனக்குறைவாக நடந்துகொண்டார், ஆகையால் வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறார். வேலை போனால் லயத்து வீடும் போகும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். ஒரு கையில் கட்டு, இரண்டு பெண் பிள்ளைகள், சாமான்களோடு ரோட்டோரம். நான் பார்த்திருக்கிறேன் அப்படி நின்றவர்களை.

துரை கேட்டார், இவர் எச்சரிக்கை சொன்னாரா இல்லையா என்று. நான் ஸ்பானிஷில் கேட்டேன். அவர் சொன்னேன் என்றார், சொன்ன மூன்று வாக்கியத்தையும் வரிசை மாறாமல் திரும்பச் சொன்னார்.

இங்கேதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த அறையில் இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே ஆள் நான். "ஆமாம், எச்சரிக்கை சொன்னாராம்" என்று நான் முடித்திருந்தால் அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. நிரந்தர வேலை எனக்கு. மாரியாயி அக்காவுக்கு ரோடு. உங்களுக்கும் இப்படி ஒரு அறை ஒருநாள் வரும். யாரும் உங்களைப் பொய் சொல்லச் சொல்ல மாட்டார்கள், கொஞ்சம் சுருக்கச் சொல்லுவார்கள்.

மூன்று வாக்கியத்தையும் இங்கிலீஷில் முழுசாகச் சொன்னேன். பிறகு, இதுவரை பேசியது அவர், இனிமேல் பேசுவது நான் என்று சொல்லி நிறுத்தினேன். கிராணி டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முதல் வாக்கியத்தை மட்டும்தான் நான் பெண்களிடம் சொன்னேன், பத்து எண்ணச் சொன்னதையும் குச்சியால் எடுக்கச் சொன்னதையும் சொல்லவில்லை, மாரியாயி நான் சொன்னபடி அப்படியே செய்தார், தவறு அவருடையது இல்லை, என்னுடையது என்றேன்.

துரை கெட்டவர் இல்லை. எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார். நீ சொல்லியிருப்பாய், குளிரில் அவர்கள் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள், நன்றாக யோசித்துப் பார் என்றார். அன்பாகத்தான் சொன்னார். யோசித்துவிட்டுத்தான் பேசுகிறேன், அப்படியே டைப் அடியுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். குரல் நடுங்கவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.

உறிஞ்சித் துரைக்கு நடப்பது ஒன்றும் புரியவில்லை. அவருக்கும் ஸ்பானிஷில் சொன்னேன். குடுவையை மேசை மேல் வைத்தார். "என் பேச்சைத் தின்றுவிட்டாயே" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அறிக்கை மாறியது. மாரியாயி அக்காவுக்கு வேலையும் வீடும் தங்கின, கை ஆறியதும் நாற்றங்காலுக்கு மாற்றுவதாக எழுதினார்கள். எனக்கு அன்றோடு கணக்கு முடிந்தது. அதற்குள் லயம் முழுக்கச் செய்தி. ஸ்பானிஷ் படித்த பெண்ணுக்கு ஸ்பானிஷாலேயே வேலை போச்சு என்று கடையில் பேசிச் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். எனக்கு வேலை போனது ஸ்பானிஷால் இல்லை. ஸ்பானிஷ் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தாய்மொழியில், என் சொந்த ஜனங்களிடம், இவர்களுக்கு இது போதும் என்று நினைத்தேன் பாருங்கள், அதனால் போனது.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவின் கட்டில் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். என் வேலை போனதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது கொஞ்சம் தியாகி மாதிரி குரல் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"வேல போகல, வீடு போகல, அது சரி. அதுக்காக உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. அந்தாளு என்ன சொன்னாருன்னு இப்ப முழுசாச் சொல்லு."

சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். "இது மூணு பேச்சாச்சே," என்றார், "நீ ஒண்ணாக்கிட்ட." பிறகு தண்ணீர் கேட்டார். குடித்து முடித்ததும் போகச் சொன்னார்.

நான் அங்கிருந்து கிளம்பி மறுபடி முட்டைக்கோஸ் கொட்டகையில்தான் வேலை கேட்கலாம் என்றிருந்தேன். திங்கட்கிழமை காலை கங்காணி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார், மூச்சு வாங்கியது. துரை கூப்பிடுகிறார் என்றார். வேலைதான் போய்விட்டதே, எதற்கு என்றேன். பெரட்டுக்கு வந்து பார் என்றார்.

போய்ப் பார்த்தேன். அன்றைக்கு மெஷினை மறுபடி இறக்குவதாக இருந்தது. நாற்பது பெண்கள் நின்றார்கள். ஒருத்தர் முதுகிலும் கூடை இல்லை, எல்லாக் கூடையும் தரையில் கவிழ்ந்து கிடந்தது. வரிசைக்கு முன்னால் மாரியாயி அக்கா. அன்று காலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார், வீட்டுக்குப் போகாமல் நேரே களத்துக்கு வந்துவிட்டார். என் அம்மா அவருக்குப் பக்கத்தில் நின்றார். கங்காணி தானே விளக்கிச் சொல்வதாகக் கெஞ்சிப் பார்த்திருக்கிறார். நீங்கள் சொன்னால் கால்வாசிதான் வரும் என்றுவிட்டார்களாம். துரை நேரமாகிறது என்றிருக்கிறார். யாரும் அசையவில்லை.

மாரியாயி அக்கா என்னைக் காட்டித் துரையிடம் தமிழிலேயே சொன்னார். "தின்னது இவதானே. இவளே கக்கட்டும், முழுசா. அப்புறந்தான் கூடைய எடுப்போம்." துரைக்கு அதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

உறிஞ்சித் துரை பேசினார், நான் சொன்னேன். ஒரு வாக்கியம் அவர், ஒரு வாக்கியம் நான். மூன்று வாக்கியத்தோடு முடியவில்லை. பெண்கள் கேள்வி கேட்டார்கள். மழையில் கத்தி வழுக்குமா? ஒருத்தி தடுக்கி விழுந்தால் அடுத்தவள் என்ன செய்ய வேண்டும்? சேலைத் தலைப்பு மாட்டினால்? இத்தனை வருஷம் இந்தக் களத்தில் அவர்களை யாரும் கேள்வி கேட்க விட்டதில்லை, ஒரு மணி நேரம் கேட்டார்கள். கேட்டது அத்தனையையும் அந்தப் பக்கம் கொண்டுபோனேன், வந்த பதில் அத்தனையையும் இந்தப் பக்கம் கொண்டுவந்தேன். துரை கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குச் சம்பளம் இல்லாத முதல் நாள் அது. அதைவிட நல்ல வேலை நான் பிறகு எந்த மேடையிலும் செய்ததில்லை. அன்றைக்குச் செய்ததைத்தான் முப்பது வருஷமும் விற்றேன்.

அப்புறம் மாரியாயி அக்கா கேட்டார். "அவங்க ஊர்ல இந்த மெஷின்ல யாருக்கெல்லாம் வெரல் போயிருக்கு, கேளு."

கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றினார். தான் வேலை பார்த்த இடங்களில் நான்கு பேருக்கு என்றார். அதோடு நிறுத்தவில்லை, ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ரமோனா. எலிசெயோ. தெல்ஃபினா. நான்காவது அவருடைய சொந்தத் தம்பி, ஃபெலிசியானோ. அந்தப் பெயர்களை நாற்பது பெண்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன். தம்பி என்பதையும் சொன்னேன்.

அக்கா கட்டுப் போட்ட கையை உயர்த்தி அவரைப் பார்த்தார்.

"அஞ்சாவது மாரியாயின்னு சொல்லு. இனிமே எந்த ஊர்ல போயி மெஷின் காட்டுனாலும் அந்தப் பேரையும் சேத்துச் சொல்லணும்னு சொல்லு."

சொன்னேன். உறிஞ்சித் துரை சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, எப்படி எழுதுவது என்று கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். எழுதி முடித்து, சரியாக இருக்கிறதா என்று அவர் உரக்க வாசித்துக் காட்டிய பிறகுதான் பெண்கள் கூடையை எடுத்தார்கள்.